கடைசி வீட்டுக் குழாயிலிருந்து தொடங்குங்கள்: வறண்ட சிற்றூருக்கு நல்ல குடிநீர் கொண்டுவர முழுமையான வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் சிரித்தால் முன்பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை தெரியும். பல் துலக்காததால் வந்த கறை இல்லை அது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் புளோரைடு, பல் உருவாகும் வயதிலேயே எனாமலைக் கெடுத்துவிடுகிறது. அதே தண்ணீரைப் பல வருடம் குடித்தவர்களுக்கு முட்டியும் முதுகும் பிடித்துக்கொள்கிறது. அந்த ஊர்களில் தண்ணீரே இல்லை என்று சொல்ல முடியாது. அடிபம்பு இருக்கிறது, மேல்நிலைத் தொட்டி இருக்கிறது, தெருக்குழாய் இருக்கிறது. தண்ணீர் பார்க்கத் தெளிவாகவும் இருக்கிறது.

அதனால்தான் குடிநீர் வேலையை "ஒரு போர் போட்டுக் கொடுத்துடலாம்" என்று ஆரம்பிக்கக் கூடாது என்கிறேன். வார்டு உறுப்பினர், மகளிர் குழுப் பெண்கள், ஊர் இளைஞர்கள், சென்னையிலோ துபாயிலோ இருந்துகொண்டு சொந்த ஊருக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கீழே வரும் எல்லா வேலையையும் ஊரின் கடைசி வீட்டிலிருந்து யோசியுங்கள். தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் தண்ணீர் எப்போதும் நன்றாகத்தான் வரும். குழாய் முடிகிற இடத்தில் இருப்பது பெரும்பாலும் காலனித் தெரு, இருளர் குடியிருப்பு, மேட்டில் புதிதாக வந்த தொகுப்பு வீடுகள். அங்கே அழுத்தத்தோடு, கிருமி இல்லாமல், பகல் நேரத்தில் தண்ணீர் வந்தால் ஊர் முழுவதும் வருகிறது என்று அர்த்தம்.

படி 1: குடம் தூக்குபவர்களிடம் கேளுங்கள்

ஒரு ஊரில் டீக்கடையில் விசாரித்தபோது, "தண்ணிக்கு இங்க பஞ்சமே இல்லைங்க" என்றார்கள் ஆண்கள். அங்கிருந்து பத்தடி தள்ளிக் குழாயடியில் நின்ற அம்மா சொன்னார்: "வருது தம்பி. ராத்திரி ரெண்டு மணிக்கு வருது. யாரு முழிச்சிருக்காங்களோ அவங்களுக்கு." அந்த ஒரு வரியில் அழுத்தக் குறைவு, மும்முனை மின்சாரம் வரும் நேரம், தெருவுக்குத் தெரு முறை பிரித்துக்கொள்ளாதது எல்லாம் இருந்தது.

காலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் குழாயடிக்குப் போங்கள். ஒரு வீட்டுக்கு எத்தனை குடம், யார் போய் எடுக்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், ஏப்ரல் மே மாதத்தில் எங்கே போகிறார்கள், குடிக்க ஒரு தண்ணீரும் சமைக்க வேறு தண்ணீருமா என்று கேளுங்கள். "இந்தத் தண்ணியில பருப்பு வேகுதா?" என்று கேட்டால் கடினத்தன்மையைப் பற்றி உடனே தெரிந்துவிடும். கேன் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தொகை பின்னால் கட்டணம் பேசும்போது தேவைப்படும்.

பிறகு பெரிய சார்ட்டில் ஊர் வரைபடம் போடுங்கள். தொட்டி, மோட்டார் ரூம், குழாய் போகும் பாதை, கேட்வால்வு, அடிபம்பு, கிணறு இவற்றோடு கழிப்பறைக் குழி, சாக்கடை, மாட்டுக்கொட்டகை, எருக்குழி ஆகியவற்றையும் குறியுங்கள். கைவிட்ட போர்க்குழி ஏதாவது திறந்து கிடக்கிறதா என்று பார்ப்பதும் இந்த நடையிலேயே முடிய வேண்டும். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை விழுந்து இறந்தது அப்படி மூடாமல் விட்ட குழியில்தான். அப்படி ஒன்றைக் கண்டால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதை மூட வையுங்கள்.

படி 2: தண்ணீரைச் சோதியுங்கள், ஒரு தடவை மட்டும் அல்ல

1970-களிலிருந்து வங்கதேசத்தில் கிராமம் கிராமமாக அடிபம்பு போட்டார்கள். குளத்து நீரில் வரும் காலராவிலிருந்தும் வயிற்றுப்போக்கிலிருந்தும் பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் போட்டார்கள். ஆனால் நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஆர்செனிக் இருந்ததை யாரும் அப்போது சோதிக்கவில்லை. 1990-களில் தெரியவந்தபோது கோடிக்கணக்கானவர்கள் அதைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல மனதோடு செய்த வேலை அது. சோதனை ஒன்றுதான் விடுபட்டது.

இந்தியத் தர நிர்ணயத்தின் ஐஎஸ் 10500 என்ற குடிநீர்த் தரத்தில் சில எண்களை மட்டும் மனதில் வையுங்கள். புளோரைடு ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை சரி. வேறு ஆதாரமே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம். கரைந்த உப்புகள், அதாவது டிடிஎஸ், 500 வரை நல்லது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை. மொத்தக் கடினத்தன்மை அதே முறையில் 200, 600. நைட்ரேட் 45, அதற்கு மேல் தளர்வு கிடையாது, ஏனென்றால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதை அது கெடுக்கிறது. ஈ.கோலை என்ற கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கையில் பேனா மாதிரி வைத்துப் பார்க்கும் டிடிஎஸ் மீட்டரை நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அது உப்பை மட்டும்தான் காட்டும். டிடிஎஸ் 300 காட்டும் தண்ணீரில் புளோரைடு 3 இருக்கலாம், சாக்கடைக் கிருமியும் இருக்கலாம். ஆர்ஓ மெஷின், அதாவது தண்ணீரைச் சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் இயந்திரம், விற்க வருபவர்கள் இந்தப் பேனாவைக் காட்டித்தான் ஊரைப் பயமுறுத்துகிறார்கள்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் மாவட்டந்தோறும் இருக்கிறது. ரசாயனச் சோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டு நிரப்பினால் போதும். கிருமிச் சோதனைக்கு அப்படிச் செய்யக் கூடாது. ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலைத்தான் வாங்க வேண்டும். குழாய் வாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, பாட்டில் வாயில் விரல் படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள்.

மாதிரியை மூன்று இடங்களில் எடுக்க வேண்டும்: ஆதாரத்தில் ஒன்று, தொட்டியில் ஒன்று, கடைசி வீட்டுக் குழாயில் ஒன்று. போரில் சுத்தமாகவும் கடைசி வீட்டில் கிருமியோடும் இருந்தால் கோளாறு குழாயில் இருக்கிறது. மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை என இரண்டு பருவத்திலும் பாருங்கள். கோடையில் உப்பும் புளோரைடும் பெரும்பாலும் ஏறும், மழையில் கிருமி ஏறும்.

இடையில் ஊரிலேயே பார்த்துக்கொள்ளக் கள ஆய்வுப் பெட்டி இருக்கிறது. ஊரக வீடுகளுக்குக் குழாய் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்கு இதில் பயிற்சி தர வேண்டும் என்று விதியே உண்டு. கிருமிக்கு, மருந்தோடு வரும் சின்னச் சோதனைக் குப்பியில் தண்ணீர் ஊற்றி ஒன்று இரண்டு நாள் வைத்தால், கெட்ட தண்ணீர் கறுப்பாக மாறும். ஊர்க் கூட்டத்தில் அந்தக் கறுப்புக் குப்பியைத் தூக்கிக் காட்டுங்கள். எண்களை வாசிப்பதைவிட அது சட்டென்று புரியும்.

படி 3: எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

ஜல் ஜீவன் கணக்கு ஓர் ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர். 150 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்றால் 600 பேர். 600 × 55 = 33,000 லிட்டர். பள்ளி, அங்கன்வாடி, கசிவு என்று 15 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 38,000 லிட்டர்.

போர் அதைக் கொடுக்குமா? நிமிடத்துக்கு 80 லிட்டர் வந்தால் ஒரு மணிக்கு 4,800, எட்டு மணி நேரத்தில் 38,400. சரியாகப் பொருந்துகிறது. ஆனால் இந்த 80 லிட்டர் மே மாதத்து 80 லிட்டராக இருக்க வேண்டும். போர் போட்ட அன்று ரிக் வண்டிக்காரர் "ரெண்டு இஞ்ச் தண்ணி" என்று சொல்வது காற்றழுத்தத்தில் வெளியே வந்த தண்ணீர். அதை வைத்து மோட்டார் வாங்கக் கூடாது. கோடையில் தொடர்ந்து பல மணி நேரம் மோட்டார் ஓட்டி, 200 லிட்டர் டிரம் எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று மணிக்கு ஒருமுறை பாருங்கள். நிறுத்திய பிறகு நீர்மட்டம் பழைய இடத்துக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த 55 லிட்டரில் குடிக்கவும் சமைக்கவும் தேவைப்படுவது 8 முதல் 10 லிட்டர்தான். இதை மறக்காதீர்கள். புளோரைடு ஊர்களுக்கு வழி திறப்பதே இந்த எண்தான்.

படி 4: எந்த ஆதாரம்?

தமிழ்நாட்டின் முக்கால் பங்கு நிலம் கடினப் பாறைமேல் இருக்கிறது. பாறைக்கு மேலே உளுத்துப்போன அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர். வெடிப்பு கிடைத்தால் உண்டு, தவறினால் பத்தடி தள்ளியும் வெறும் மாவுதான் பறக்கும். தேங்காயும் வேப்பங்குச்சியும் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், மக்களுக்கு அதில் நம்பிக்கையும் இருக்கிறது. அந்த நம்பிக்கையோடு சண்டை வேண்டாம். ஆனால் பொதுப்பணத்தில் துளை போடும் முன் மண்ணின் மின்தடை ஆய்வு, அதாவது நிலத்துக்குள் மின்சாரம் எவ்வளவு தடைபடுகிறது என்று அளந்து நீர் இருக்கும் இடத்தைக் கணிக்கும் ஆய்வு, செய்து இடம் குறிக்கச் சொல்லுங்கள். ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் வரும் என்ற எண்ணமும் இங்கே பொருந்துவதில்லை. ஆழத்து நீர் பாறையோடு பல காலம் உறவாடிய நீர். புளோரைடு அங்கேதான் அதிகமாகக் கரைந்திருக்கும்.

அதனால் முதலில் மேலே இருப்பதைப் பாருங்கள். ஏரிக்குக் கீழே பழைய பொதுக்கிணறு இருக்கிறதா? பாழடைந்து குப்பை நிறைந்திருந்தாலும் தூர்வாரி, சுற்றுச்சுவர் எழுப்பி, மேலே கம்பி வலை போட்டு, குளோரின் கலந்தால், பல ஊர்களில் 600 அடி போரைவிட நல்ல தண்ணீர் தருகிறது. மாட்டுக்கொட்டகையும் கழிப்பறைக் குழியும் குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பாறை வெடிப்பு நிலத்தில் அழுக்கு வேகமாகப் போகும் என்பதால் அதற்கும் மேல் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு.

கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் ஊர் வழியாகப் போகிறதா என்றும் விசாரியுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு ஜப்பான் கடனுதவியோடு வந்த ஒகேனக்கல் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீரில் புளோரைடு குறைவு. ஆனால் பல ஊர்களில் ஆற்றுத் தண்ணீரையும் போர்த் தண்ணீரையும் ஒரே தொட்டியில் கலந்து விடுகிறார்கள். ஆற்று நீர் குறைகிற நாளில் புளோரைடு பழையபடி ஏறிவிடும். முடிந்தால் குடிக்க ஆற்று நீரைத் தனித் தொட்டியில், தனி நேரத்தில் விடச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கலவை நீரை மாதம் ஒருமுறை சோதியுங்கள்.

ராமநாதபுரம் பக்கம் கதை வேறு. நிலத்தடி நீர் உப்பு. அங்கே முன்னோர் வழி ஊரணிதான்: மழைநீர் மட்டும் சேரும் குளம், குடிக்க மட்டும். கால் நனைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு இருக்கும். மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளை அங்கே பல ஊரணிகளைப் புதுப்பித்திருக்கிறது. ஊரணிக் கரையில் மெது மணல் வடிகட்டி கட்டுவது மிக நல்ல சேர்க்கை. மணலின் மேற்பரப்பில் சில வாரங்களில் ஓர் உயிர்ப்படலம் உருவாகி அது கிருமிகளைப் பிடித்துக்கொள்ளும். மணிக்கு 10 முதல் 20 செ.மீ. வேகத்தில் நீர் இறங்க வேண்டும்; அப்படியானால் ஒரு சதுர மீட்டர் மணல் நாளைக்கு 2,400 முதல் 4,800 லிட்டர் தரும். மணலைக் காயவிட்டால் படலம் செத்துவிடும். அடைத்துக்கொண்டால் மேலே ஓர் அங்குலத்துக்கும் குறைவாகச் சுரண்டி எடுத்தால் போதும்.

படி 5: கிராம சபையில் எழுத்தில் கொண்டுவாருங்கள்

குடிநீர் ஊராட்சியின் பொறுப்பு. அதனால் ஊராட்சியை விட்டுவிட்டுத் தனியாகக் கட்டும் எதுவும் நிற்காது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஒரு ஊரில் வெளியிலிருந்து வந்த நன்கொடையில் ஆர்ஓ நிலையம் கட்டினார்கள். கல்வெட்டு வைத்தார்கள். மின் இணைப்பு யார் பெயரில் என்று யாரும் முடிவு செய்யவில்லை. இரண்டாவது வருடம் சவ்வு மாற்றப் பணம் இல்லாமல் பூட்டினார்கள். இப்போது அந்த அறையில் வைக்கோல் இருக்கிறது.

தமிழ்நாட்டில் வருடத்துக்கு 6 கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், கோடை தொடங்கும் நேரமும்கூட. உங்கள் பேச்சுக்கு அதுவே நல்ல நாள். "குடிநீர் வசதி செய்துதர வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். இப்படி எழுதலாம்:

"நமது ஊராட்சி, இன்ன குக்கிராமத்தில் 42 வீடுகளுக்குக் காலை நேரக் குடிநீர் வருவதில்லை. இன்ன தேதியில் மாவட்ட ஆய்வகம் அளித்த அறிக்கைப்படி தற்போதைய ஆழ்துளைக் கிணற்றில் புளோரைடு அளவு 2.1 மி.கி. உள்ளது. எனவே புல எண் இன்னதில் உள்ள பொதுக்கிணற்றைச் சீரமைத்துக் குழாய் இணைக்கவும், அதுவரை கூட்டுக் குடிநீரை அந்தக் குக்கிராமத்துக்குத் தினமும் வழங்கவும் தீர்மானிக்கப்படுகிறது."

ஆய்வக அறிக்கையையும் ஊர் வரைபடத்தையும் இணையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள், வெற்றுப் பக்கத்தில் வேண்டாம். நகல் ஒன்று வட்டார வளர்ச்சி அலுவலர் (பிடிஓ) அலுவலகத்துக்கும், ஒன்று திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளுக்கும் போகட்டும். மனு எண்ணை வாங்காமல் திரும்ப வேண்டாம். தலைவர் பதவி காலியாக இருக்கும் காலமானால் தனி அலுவலரிடம் கொடுங்கள்.

கிராம குடிநீர் மற்றும் சுகாதாரக் குழு பெரும்பாலான ஊர்களில் தாளில் இருக்கும். 10 முதல் 15 பேர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு மக்கள்தொகைப்படி இடம் என்பது ஜல் ஜீவன் வழிகாட்டுதல். அதில் கடைசித் தெருவைச் சேர்ந்த பெண் ஒருவர் பெயருக்கு இல்லாமல் வால்வு நேரம் முடிவு செய்யும் அதிகாரத்தோடு இருக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து? 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டம் தொடங்கியபோது நாட்டில் 3.23 கோடி ஊரக வீடுகளில்தான் குழாய் இருந்தது. திட்டக் காலம் இப்போது 2028 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஊருக்குள் நடக்கும் வேலையின் செலவில் மக்கள் பங்கு 10 சதவீதம். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பாதிக்கு மேல் உள்ள ஊர்களில் 5 சதவீதம். அதை உழைப்பாகவும் கொடுக்கலாம். நிதி ஆணைய மானியத்திலும் குடிநீருக்கென்றே ஒதுக்கிவைத்த பங்கு உண்டு. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, நமக்கு நாமே திட்டம் ஆகியவையும் இருக்கின்றன. வெளியூரில் இருந்து பணம் அனுப்புபவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று: கட்டடத்துக்குக் கொடுக்காதீர்கள், அதற்கு அரசுப் பணம் வரும். ஆய்வகச் சோதனைக்கும், மாற்று மோட்டாருக்கும், பழுதுபார்க்கும் வைப்புநிதிக்கும் கொடுங்கள். அதற்குத்தான் யாரும் தருவதில்லை.

படி 6: நிலம், தொட்டி, குழாய்

தொட்டி கட்டும் இடம் புறம்போக்கு நிலமா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேடு என்ற நிலப் பதிவேட்டில் பாருங்கள். தனியார் தானமாகத் தந்தால் ஊராட்சி பெயரில் தானப் பத்திரம் பதிந்த பிறகே அஸ்திவாரம் தோண்ட வேண்டும். வாய்ச் சொல்லில் வாங்கிய நிலத்தில் கட்டிய தொட்டியை அடுத்த தலைமுறை பூட்டிவிடும். வேலியும், மேல்மூடிக்குப் பூட்டும், ஏணியின் கீழ்ப்பகுதிக்குக் கதவும் மதிப்பீட்டிலேயே சேர்ந்திருக்கட்டும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களுக்கான மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது, பிள்ளைகள் நோயுற்ற பிறகுதான். குடிநீர் வேலை செய்பவர்கள் சாதியைப் பற்றிப் பேசாமல் தப்பித்துப் போக முடியாது. தொட்டி யாருக்கு, எந்தத் தெருவில், சாவி யாரிடம் என்பதைக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசி எழுதிவையுங்கள்.

பத்து மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர் ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ அழுத்தம் தரும். இதை வைத்துக் கடைசி வீட்டின் தரை மட்டத்தைத் தொட்டியின் அடிமட்டத்தோடு ஒப்பிடுங்கள். மேட்டுத் தெருவுக்குத் தனிக் கிளைக்குழாயும் தனி வால்வும் வேண்டும். முதலில் மேட்டுக்கு விட்டு, பிறகு பள்ளத்துக்கு விட்டால் சண்டை பாதி குறையும். குழாய் சுமார் 3 அடி ஆழத்தில் போக வேண்டும். ஒப்பந்ததாரர் ஒன்றரை அடியோடு நிறுத்துவது சகஜம். அதனால் மண் மூடும் முன் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கடையைக் கடக்கும் இடத்தில் குழாய் அதற்கு மேலாக, உறைக்குழாய்க்குள் போக வேண்டும். மோட்டார் நின்றவுடன் குழாயில் வெற்றிடம் உண்டாகி, விரிசல் வழியாக வெளியே இருக்கும் அழுக்கை உள்ளே இழுக்கும். ஊர்களில் வரும் வயிற்றுப்போக்கில் நிறைய இப்படி வருவதுதான்.

அதே காரணத்தால்தான் "குழிக்குழாய்" கூடாது. அழுத்தம் இல்லாத தெருவில் வாசலில் குழி தோண்டி, குழாயைத் தரைக்குக் கீழே இறக்கி, குடத்தை உள்ளே வைத்துப் பிடிப்பார்கள். மழை பெய்தால் குழி நிரம்பும், குழாய் வாய் அதில் மூழ்கும், இரவெல்லாம் அந்தத் தண்ணீர் ஊர்க் குழாய்க்குள் போகும். இவர்களைத் திட்டிப் பயனில்லை. அவர்களுக்கு மேலே தண்ணீர் ஏறவில்லை, அவ்வளவுதான். எங்கோ முன்னால் ஒருவர் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார். அந்த மோட்டாரைக் கழற்றி, கிளைக்குழாயைச் சரிசெய்தால் குழிகளை அவர்களே மூடிவிடுவார்கள்.

படி 7: குளோரின்

பிளீச்சிங் பவுடரில் கால் பங்கு குளோரின் என்று வைத்துக்கொண்டால் 1,000 லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் குழைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை விட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். கையுறையும் முகத்துணியும் அவசியம். அரைமணி நேரம் கழித்தே வால்வைத் திறக்க வேண்டும்.

கடைசி வீட்டுக் குழாயில் 0.2 மில்லிகிராம் குளோரின் மீதி இருக்கிறதா என்று பாருங்கள். சோதனைக் குப்பியில் மருந்துவிட்டால் மெல்லிய மஞ்சள் வரும். நிறமே வராவிட்டால் பவுடர் பழசு, அல்லது குழாயில் எங்கோ அழுக்கு குளோரினைத் தின்கிறது. பவுடர் வெயிலிலும் ஈரத்திலும் வீரியம் இழக்கும், வருடத்துக்கு மொத்தமாக வாங்கி மோட்டார் ரூமில் அடுக்காதீர்கள். "மருந்து வாசம் அடிக்குது, இதை எப்படிக் குடிக்க?" என்று கேட்பார்கள். குடத்தில் பிடித்து மூடிவைத்துச் சில மணி நேரம் கழித்துக் குடித்தால் வாசம் குறைந்துவிடும் என்று சொல்லுங்கள். தொட்டியை மாதம் 2 முறை கழுவி, கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுத வேண்டும். மூடிய தொட்டிக்குள் யாரையும் தனியாக இறக்காதீர்கள்.

படி 8: புளோரைடு, உப்பு இருந்தால்

காய்ச்சினால் கிருமி சாகும். புளோரைடு போகாது, நீர் ஆவியாவதால் இன்னும் கொஞ்சம் கூடும். குளோரினும் அதை ஒன்றும் செய்யாது. ஆர்ஓ நீக்கும், ஆனால் உள்ளே விடும் தண்ணீரில் பாதி அல்லது அதற்கு மேலும் கழிவாகப் போகும். தண்ணீர் இல்லாத ஊரில் அந்தக் கழிவை எங்கே விடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். போருக்குப் பக்கத்தில் விட்டால் அதே உப்பு அங்கேயே இறங்கும். நாக்பூரின் நீரி நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து புளோரைடைப் படியவைப்பார்கள். செலவு குறைவு. ஆனால் அளவு சரியாகப் போடத் தெரிந்த ஓர் ஆள் தினமும் வேண்டும்.

என் விருப்பம் மழைநீர். இதைக் கூரைக் கணக்காகப் பாருங்கள். 50 சதுர மீட்டர் மெத்தை வீடு, வருடத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை, அதில் 80 சதவீதம் பிடிக்க முடியும் என்றால் 32,000 லிட்டர். நான்கு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லிட்டர் என்றால் வருடத்துக்கு 14,600 லிட்டர் போதும். மழை இல்லாத 120 நாளைக்கு 4,800 லிட்டர், அதாவது 5,000 லிட்டர் தொட்டி ஒன்று. முதல் மழையைத் திறந்துவிட்டு, வாயில் வலை கட்டி, வெளிச்சம் புகாமல் மூடிவைக்க வேண்டும். மழைநீரில் புளோரைடு இல்லை என்றே சொல்லலாம். எல்லா வீட்டுக்கும் முடியாவிட்டாலும் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் முதலில் செய்யுங்கள், பல் முளைக்கும் வயதுப் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

படி 9: நடத்துவது

தொட்டி இயக்குபவர்தான் இந்த வேலையின் நடுநாயகம். அவருக்குச் சம்பளம் மாதாமாதம் வருகிறதா என்று குழு பார்க்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் தானாக நிறுத்தும் கருவியும், ஒரு முனை மின்சாரம் போனால் நிறுத்தும் கருவியும் ஸ்டார்ட்டரோடு இருக்கட்டும். மோட்டாரின் கம்பிச்சுருள் கருகி ரீவைண்டிங்குக்குப் போனால் ஊர் ஒரு வாரம் காயும்.

150 வீட்டில் மாதம் 50 ரூபாய் என்றால் 7,500, வருடத்துக்கு 90,000 ரூபாய். முதல் படியில் எழுதிய கேன் தண்ணீர்ச் செலவை இங்கே பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், எதிர்ப்பு தணியும். கட்ட முடியாத வீடுகளைக் குழுவே பார்த்து விலக்கலாம். ஆனால் காலையில் தண்ணீர் வராத தெருவில் பணம் கேட்டுப் போகாதீர்கள். கடைசி வீட்டுக்கு முப்பது நாள் ஒழுங்காகத் தண்ணீர் விட்டுவிட்டு, அங்கிருந்தே வசூலைத் தொடங்குங்கள்.

மோட்டார் ரூமில் ஒரு நீள நோட்டு. மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், போட்ட பவுடர், கடைசி வீட்டுக் குளோரின், பழுது. மாதம் 1-ஆம் தேதி காலை மோட்டார் போடும் முன் போரின் நீர்மட்டத்தை அளந்து அதே நோட்டில் எழுத வேண்டும். இரண்டு வருடம் எழுதினால், மார்ச்சிலேயே மே மாதத்தைப் பார்க்க முடியும்.

படி 10: ஆதாரத்துக்குத் தண்ணீர் திருப்பிக் கொடுப்பது

ஊர்ப் போருக்கு மேட்டுப்பக்கம் இருக்கும் ஓடையில் தடுப்பணை, ஏரி வரத்துக்கால் தூர்வாரல், பள்ளிக்கூரை மழைநீரைக் கிணற்றில் விடுதல் இவற்றை ஊரக வேலைத் திட்டப் பணியில் கேட்டு வாங்குங்கள். உரம் போட்ட வயலின் ஓடுநீரைப் போருக்குள் விடக் கூடாது, நைட்ரேட் இறங்கும். மழைநீர் நன்றாக இறங்கும் இடங்களில் புளோரைடும் கொஞ்சம் நீர்த்துப்போகும். குடிநீர்ப் போருக்குப் பக்கத்தில் புதிதாகத் தோட்டத்துப் போர் போட யாராவது வந்தால் கிராம சபையில் பேசுங்கள். சங்கடமான பேச்சுதான், அங்காளி பங்காளியாக இருப்பார்கள். போர் போட்டுவிட்ட பிறகு பேசுவது இன்னும் சங்கடம்.

ஒரு வருடம் கழித்து, முதல் படியில் கேள்வி கேட்ட அதே வீடுகளுக்கு, அதே தாளோடு, அதே காலை 5 மணிக்குப் போங்கள். எத்தனை குடம், எவ்வளவு நேரம், யார் எடுக்கிறார்கள். பழைய பதிலுக்குப் பக்கத்தில் புதிய பதிலை எழுதி, ஒரு பிரதியை மோட்டார் ரூமிலும் ஒன்றை ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டுங்கள். வரும் மார்ச் 22 கிராம சபைக்கு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள்.